திலோத்தமையின் ரவிக்கை

தேவகோட்டையில் எங்கள் வீட்டு வளவு என்னும் நடுமுற்றத்தைச் சுற்றியுள்ள பத்தியில், நான் பிள்ளையாக இருந்த 1960களில், 22 படங்கள் தொங்கின. இன்று 3 தொங்குகின்றன. மற்ற இடங்களில் ஆணிகள் மட்டும் இருக்கின்றன. தேக்குச் சட்டமும் தடித்த கண்ணாடியுமாகக் கனத்த படங்களைத் தாங்கியவை என்பதால் ஒவ்வோர் ஆணியும் விரல் மொத்தம் இருக்கும்.

அந்தப் படங்கள் சுவரோடு ஒட்டி நிற்கா. மேல்பக்கம் கயிறு விட்டு, முன்னால் சாய்த்துக் கட்டியிருப்பார்கள். கீழே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறவன் நிமிர்ந்தால் லட்சுமியும் சரஸ்வதியும் அவனைக் குனிந்து பார்ப்பார்கள். கிழக்குப் பத்தியில் சாமி படங்கள். வடக்கே நளன் தமயந்தி, சகுந்தலை, விசுவாமித்திரர். தெற்கே, நெல் வைத்திருக்கும் அறைக்குப் போகிற வழியில், ஒரே ஒரு பெண் தனியாக நின்றாள். அவள் பெயர் திலோத்தமை. நான் பார்த்தபோது அவள் பச்சை ரவிக்கை போட்டிருந்தாள்.

அந்த ரவிக்கை அச்சில் வந்ததல்ல. என் அப்பத்தா, அப்பாவைப் பெற்றவள், தைத்து ஒட்டியது.

படத்தின் அடியில் சிறிய எழுத்தில் ரவிவர்மா பிரஸ், கார்லா–லோனாவ்லா என்று இருந்தது. அந்த ஒரு வரி போதும், படம் எந்தக் காலத்தது என்று ஏறக்குறையச் சொல்லிவிடலாம். கிளிமானூரில் 1848இல் பிறந்த ராஜா ரவிவர்மா, தம் எண்ணெய் ஓவியங்களை வண்ணக் கல்லச்சில் போட்டு ஊரெங்கும் விற்பதற்காகப் பம்பாயில் 1894இல் அச்சகம் தொடங்கினார். எந்திரங்களும் கைதேர்ந்த ஆட்களும் ஜெர்மனியிலிருந்து வந்தார்கள். முதலில் அச்சானது சகுந்தலை பிறப்பு. சில ஆண்டுகளில் அச்சகம் லோனாவ்லாப் பக்கம் இடம் மாறியது. கடன் நெருக்க, பிறகு அதை அங்கே வேலை பார்த்த ஜெர்மானியர் ஃபிரிட்ஸ் ஷ்லைஷருக்கே விற்றுவிட்டார். 1906இல் ரவிவர்மா காலமானார். அச்சகம் அவருக்குப் பின்னும் நெடுங்காலம் ஓடியது. ஆக, எங்கள் திலோத்தமை லோனாவ்லாவில் பிறந்தவள். தேவகோட்டைக்கு அவள் எந்த வழியாக வந்தாள் என்பதற்கு வீட்டில் இரண்டு கதைகள் உண்டு. ரங்கூனுக்குக் கொண்டுவிக்க, அதாவது வணிகம் செய்ய, போன ஐயா வாங்கிவந்தார் என்பது ஒன்று. அப்பத்தாவின் சீர் சாமானோடு வந்தது என்பது மற்றொன்று. கல்யாணத்தில் சாமான் பரப்பியபோது அந்தப் படம் வெள்ளிப் பாத்திரங்களுக்குப் பின்னால் சாய்ந்து நின்றதாக அப்பத்தாவே சொல்லியிருப்பதால் நான் இரண்டாவதை நம்புகிறேன்.

திலோத்தமையின் கதை மகாபாரதத்தின் ஆதிபருவத்தில் வருகிறது. சுந்தன், உபசுந்தன் என்ற அண்ணன் தம்பி அசுரர்களைப் பிரிப்பதற்காக, உலகத்திலுள்ள அழகையெல்லாம் எள் எள்ளாக எடுத்துச் சேர்த்து விசுவகர்மா ஆக்கிய பெண் அவள். திலம் என்றால் எள். அவள் தேவர்களை வலம் வந்தபோது, அவளைக் காண்பதற்காகச் சிவனுக்கு நான்கு முகங்கள் உண்டாயின, இந்திரனுக்கு உடலெங்கும் ஆயிரம் கண்கள் திறந்தன என்று கதை போகும். படைப்பின் நோக்கமே பார்க்கப்படுவதுதான் என்று இவ்வளவு வெளிப்படையாகச் சொல்லப்பட்ட இன்னொரு பெண் நம் புராணங்களில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

கல்லச்சுக்காரர்களும் அவளை எள் எள்ளாகத்தான் ஆக்கினார்கள். இது நான் ஒப்பனைக்குச் சொல்வதன்று. கல்லச்சு என்பது சுண்ணாம்புக் கல்லின் வழவழப்பான முகத்தில் கொழுப்புச் சேர்ந்த மையால் வரைந்து, கல்லை நனைத்து, அச்சுமையை உருட்டுவது. வரைந்த இடம் மையைப் பிடிக்கும். நனைந்த இடம் தள்ளும். பவேரியாவில் அலோயிஸ் செனஃபெல்டர் 1790களின் கடைசியில் கண்டுபிடித்த முறை இது. வண்ணப் படம் என்றால் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கல் வேண்டும். ஒரே தாள் பத்து, பன்னிரண்டு கற்களிலும், சில படங்களுக்கு அதற்கு மேலும், ஒன்றன்பின் ஒன்றாக ஏறி இறங்க வேண்டும். ஒரு மயிரிழை விலகினாலும் உதடு கன்னத்துக்கு வந்துவிடும். சேலைக்கும் வானத்துக்கும் பரந்த நிறம் போதும். உடம்புக்குப் போதாது. தோலின் நிறத்துக்கு வெளிர்மஞ்சள், இளஞ்சிவப்பு, காவி, பழுப்பு, நிழல் விழும் இடத்தில் சாம்பல் நீலம் என்று தனித்தனிக் கற்களில், எழுதுகோல் முனையால் புள்ளி புள்ளியாக வைத்தார்கள். ஒரு தோளுக்கு ஆயிரக்கணக்கான புள்ளிகள், அத்தனையும் கையால் வைத்தவை. வைத்தவர்களின் பெயர் படத்தில் இருக்காது.

இன்றைய நாள்காட்டிப் படத்தையும் உருப்பெருக்கியில் பாருங்கள். அதிலும் புள்ளிகள்தான். ஆனால் நான்கே நிறம்: நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு. பாய் முடைந்தது போல வரிசை பிசகாத புள்ளிகள். அவை தோளையும் தூணையும் ஒன்றாகவே நடத்துகின்றன. பழைய கல்லச்சில் அப்படி இல்லை. கழுத்தடியில் புள்ளிகள் நெருங்கும், தோள்முனையில் விலகும், தொப்புளைச் சுற்றி வளையும். உடம்பு எங்கே உயர்கிறது, எங்கே தாழ்கிறது என்று அந்தக் கைக்குத் தெரிந்திருந்தது.

இந்தக் கைப்பழக்கம் தொலைவிலிருந்து வந்தது. நூரெம்பெர்கில் ஆல்பிரெக்ட் ட்யூரர் 1504இல் ஆதாமையும் ஏவாளையும் செப்புத் தகட்டில் கூரிய உளியால் கீறினார். ஏவாளின் தொடையைச் சுற்றி ஓடும் கோடுகள் குயவன் சக்கரத்துப் பானையில் விரல்தடம் ஓடுவது போல ஓடும். தம் பெயரையும் ஆண்டையும் ஒரு சிறு பலகையில் எழுதி மரக்கிளையில் மாட்டியும் வைத்தார். இத்தாலியில் மார்கன்டோனியோ ரைமொண்டி, ட்யூரரின் படங்களைப் பார்த்தே கைபழகி, ரஃபேலின் பெண்களை அச்சில் கொண்டுவந்தார். அந்தப் பெண்கள் பளிங்குச் சிலைகளின் தங்கைகள், குறையற்றவர்கள். பிறகு ஆலந்தில் ரெம்பிராண்ட் வந்தார். 1631 வாக்கில் அவர் அமிலத்தால் அரித்து அச்சிட்ட ஒரு படத்தில், மேட்டின்மேல் ஒரு பெண் ஆடையின்றி உட்கார்ந்திருக்கிறாள். வயிறு தொய்ந்திருக்கிறது. எதிர்வீட்டில் பார்க்கக்கூடிய உடம்பு. அவர் இறந்து 12 ஆண்டுகள் கழித்து, 1681இல், ஆந்திரியெஸ் பெல்ஸ் என்ற புலவர் இதை ஒரு குற்றமாகவே எழுதினார்: ரெம்பிராண்டின் பெண்களுக்குக் காலுறைக் கட்டின் தழும்பு காலில் தெரிகிறது, இடுப்புக் கச்சையின் தடம் வயிற்றில் தெரிகிறது என்று. துணி கழற்றப்பட்ட பிறகும் துணியின் நினைவு உடம்பில் இருந்ததை அவர் பொறுத்துக்கொள்ளவில்லை. எனக்கு அந்தத் தழும்புதான் அந்தப் படங்களிலேயே உயிருள்ள இடம்.

ட்யூரரின் ஏவாள் தேவகோட்டைக்கு வந்ததில்லை. ஆனால் அவள் உடம்பை உருட்டிக்காட்டிய முறை, நூற்றாண்டுகளாகக் கை மாறி, ஐரோப்பிய எண்ணெய் ஓவியர்கள் வழியாகத் திருவனந்தபுரம் அரண்மனைக்கு வந்தது, அங்கிருந்து ரவிவர்மாவுக்கு, அவரிடமிருந்து லோனாவ்லாக் கல்லுக்கு. மாறியது, அவள் வைக்கப்பட்ட இடம். ஐரோப்பாவில் இத்தகைய அச்சுப்படங்களைச் சேர்த்தவர்கள் பெரும்பாலும் வசதியுள்ள ஆண்கள். தோல் உறைகளிலும் தொகுப்பேடுகளிலும் வைத்து, கதவைச் சாத்திக்கொண்டு, விரும்பிய நேரம் எடுத்துப் பார்த்தார்கள். ஒரு செப்புத் தகட்டில் நல்ல படிகள் சில நூறு வந்தால் அதிகம். செட்டிநாட்டில் அதே குலத்துப் பெண் பத்தியில் தொங்கினாள். அவளுக்குக் கீழே பிள்ளைகள் தட்டாங்கல் ஆடினார்கள். கணக்கப்பிள்ளை பேரேட்டை விரித்தார். ஆயாக்கள் ஓலைக் கொட்டான் பின்னினார்கள். யாரும் அவளைத் தனியே பார்க்கவில்லை. எல்லாரும் சேர்ந்திருக்கும் இடத்தில் அவளும் இருந்தாள்.

அவளை அண்ணாந்து பார்த்தபடி நடந்த அப்பத்தாவுக்கு ரவிக்கை கிடையாது. கண்டாங்கிச் சேலையைப் பின்கொசுவம் வைத்துக் கட்டி, முந்தானையால் மாரை மூடி, தோள் இரண்டும் திறந்தபடிதான் நான் அவளைக் கடைசிவரை பார்த்தேன். அவள் வயதுப் பெண்கள் அந்தத் தெருவில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். அது ஏழ்மையும் அல்ல, துணிச்சலும் அல்ல, உடுத்தும் முறை. ஆனால் அவள் தினம் விளக்கேற்றிய லட்சுமிக்கு ரவிக்கை உண்டு, சரஸ்வதிக்கும் உண்டு. ரவிவர்மாவின் தேவியர் அவளைவிடப் புதிய காலத்தவர்கள். மேலாடை அணிவதே உரிமைப் போராட்டமாக இருந்த திருவிதாங்கூரில் பிறந்தவர் அவர். நாடார் பெண்கள் மாரை மூடிக்கொள்ள அரசு 1859இல் அறிக்கை விட்டபோது அவருக்கு வயது 11. அந்தக் கையிலிருந்துதான் இந்தியத் தேவியருக்குச் சேலையும் ரவிக்கையும் நிலைபெற்றன. அப்ஸரஸ்களுக்கு மட்டும் சற்று நழுவின.

ஆக, என் சிறுவயதில் அந்தப் பத்தியில் மூன்று வகைப் பெண்கள் இருந்தார்கள். ரவிக்கை அணிந்த தேவியர், ரவிக்கை இல்லாத அப்பத்தா, அப்பத்தா கையால் ரவிக்கை பெற்ற திலோத்தமை. எனக்குப் பத்து வயது இருக்கும்போது ஒருநாள் கேட்டேன், இவளுக்கு மட்டும் ஏன் துணி ஒட்டினீர்கள் என்று. அப்பத்தா புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல் சொன்னாள்:

“வீட்டுக்கு வந்த பொம்பளைக்கு ஒரு ரவிக்கைத் துணி எடுத்துக் குடுக்காம இருப்பாகளாடா?”

விசேஷ வீடுகளில் வெற்றிலை பாக்கு, மஞ்சளோடு வைத்துக் கொடுக்கும் ரவிக்கைத் துணி அவளுக்கும் வந்துகொண்டேதான் இருந்தது. அவள் தைத்துப் போடாததால் அவை தகரப்பெட்டியில் மடிப்புக் கலையாமல் சேர்ந்தன. அதிலிருந்து ஒரு பச்சைத் துணியை எடுத்து, படத்தின் பின்பலகையைக் கழற்றி, தாள் வைத்து அளவெடுத்து வெட்டி, புளியங்கொட்டைப் பசையால் ஒட்டியிருக்கிறாள். கையோரத்தில் ஒற்றை வரிசைச் சரிகை. கழுத்தோரம் சம்கி. நகைகளின்மேல் கண்ணாடி மணி. பாசிமணி கோக்கவும் கொட்டானுக்குத் துணி கட்டவும் பழகிய விரல்கள். வெட்டிய துணி திலோத்தமையின் வளைவுகளில் ஒரு நூல்கூடப் பிசகாமல் உட்கார்ந்திருந்தது. லோனாவ்லாவில் கல்லில் புள்ளி வைத்தவனுக்கு அடுத்தபடியாக அந்த உடம்பை அவ்வளவு நெருங்கி அளந்தவள் என் அப்பத்தாவாகத்தான் இருக்க வேண்டும்.

இப்படிச் சரிகையும் சம்கியும் ஒட்டிய ரவிவர்மாப் படங்கள் செட்டிநாட்டு வீடுகளில் நிறைய இருந்தன. வெகுகாலம் நான் இதை வெட்கத்தின் வேலை என்றுதான் எண்ணியிருந்தேன். படித்த திமிரில் அப்படி எழுதியும் இருக்கிறேன். இப்போது அப்படிச் சொல்ல மாட்டேன். வெட்கத்துக்காக என்றால், கழுத்துவரை மூடி நிற்கும் லட்சுமிக்கு எதற்குச் சரிகை? எங்கள் வீட்டில் மிகுதியாகத் துணியும் மணியும் ஒட்டப்பட்டது லட்சுமிக்குத்தான். திலோத்தமைக்கு அதில் கால்பங்குகூட இல்லை. இது மறைத்தல் அல்ல, அலங்காரம். கோயிலில் செய்கிறோமே, அதேதான். சோழர் கால அம்மன் செப்புத் திருமேனி, இடுப்புக்கு மேல் அணிகலன் மட்டும் அணிந்து வார்க்கப்பட்டது. உற்சவத்தில் பட்டும் மாலையும் சாத்திய பிறகு முகமும் கையும் தவிர வேறொன்றும் தெரியாது. அவளை வார்த்தபடியே முழுமையாகப் பார்க்க வேண்டுமென்றால் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குத்தான் போக வேண்டும். அங்கே அவள் சிற்பம். அதனால் அவளைச் சுற்றிவந்து தோளையும் முதுகையும் பார்க்கலாம். இங்கே அவள் அம்மன், அதனால் உடுத்துகிறோம். இரண்டு பார்வையும் எனக்கு வேண்டும். ஒன்று வந்ததும் மற்றது போய்விடுகிறது என்பதுதான் வருத்தம்.

போகவும் போயிற்று. 1942இல் பர்மா ஜப்பான் வசமானபோது தேவகோட்டையின் வரவு பாதி நின்றது. ஒரு வீட்டில் பத்துப் புள்ளி, பதினைந்து புள்ளி என்று தனித்தனிக் குடும்பங்களாக இருந்தவர்கள் சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் மலேசியாவுக்கும் பிரிந்தார்கள். சுவரில் புதிய படங்கள் ஏறவில்லை, நாள்காட்டிகள் ஏறின. கோவில்பட்டி சி. கொண்டையராஜுவும் அவர் மாணவர்களும் வரைந்து, சிவகாசியில் அச்சான தெய்வங்கள். கொண்டையராஜு (1898–1976) சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர், நாடகத் திரைகள் எழுதியவர். முகத்துக்கு ஒளி கொடுப்பதில் அவருக்கு நிகர் குறைவு. அந்தப் படங்களை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ரவிவர்மாப் படம் வாங்க முடிந்த வீடுகள் ஊரில் எத்தனை? கொண்டையராஜுவின் மீனாட்சி மளிகைக் கடைக்காரர் இனாமாகக் கொடுக்க எல்லா வீட்டுக்கும் வந்தாள். ஆனால் திலோத்தமை வரவில்லை. மேனகை, ரம்பை யாரும் அவ்வளவாக வரவில்லை. நாள்காட்டி என்பது சாமிக்குரிய இடம் என்றாகிவிட்டது. சாமி அல்லாத பெண்ணுடம்பு மெல்ல மெல்லச் சினிமாச் சுவரொட்டிக்குக் குடிபெயர்ந்தது. 1972இல் லோனாவ்லா அச்சகத்தில் தீப்பிடித்தது. எஞ்சிய கற்கள் சிலவே.

சட்டம் வேறொரு கணக்கு வைத்திருந்தது. ஆபாசப் பொருள்களைத் தடுக்கும் பழைய தண்டனைச் சட்டத்தின் 292ஆம் பிரிவில் ஒரு விலக்கு உண்டு: கோயிலில் செதுக்கியதோ எழுதியதோ, சாமி ஊர்வலம் வரும் தேரில் உள்ளதோ ஆபாசம் ஆகாது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தின் 294ஆம் பிரிவிலும் அந்த விலக்கு அப்படியே இருக்கிறது. எங்கள் ஊருக்குப் பக்கத்தில் கண்டதேவியில் ஆனித் தேர் ஓடும். நமது தேர்ச் சிற்பங்களில் ஆடையற்ற பெண்ணும் ஆணும் இருப்பதைத் தமிழ்நாட்டில் தேர் பார்த்தவர்கள் அறிவார்கள். மரத்தில் செதுக்கினால் தெருவில் வரலாம். தாளில் அச்சடித்தால் வழக்கு வரலாம். 1954இல் பம்பாயில் அக்பர் பதம்சீ தம் முதல் தனிக் கண்காட்சியில் வைத்த இணையர் ஓவியங்களுக்காக வழக்கில் இழுக்கப்பட்டு, பிறகு விடுதலையானார். 70 ஆண்டுகள் கழித்து, வெளிநாட்டு ஏலங்களில் வாங்கி வந்த எஃப். என். சூசாவின் படைப்புகளையும் அதே பதம்சீயின் படைப்புகளையும் ஆபாசம் என்று சொல்லிச் சுங்கத்துறை பறிமுதல் செய்தது. 2024 அக்டோபரில் பம்பாய் உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. நிர்வாணம் எல்லாம் ஆபாசம் ஆகிவிடாது என்று தெளிவாகவும் சொன்னது. அன்று தெற்குப் பத்தியில் யாரும் தீர்ப்பு கேட்காமல் நடந்த ஒன்றுக்கு இன்று உயர் நீதிமன்றம்வரை போக வேண்டியிருக்கிறது. அப்படிப் போனால் நியாயம் கிடைக்கிறது என்பதும் உண்மை.

அச்சுக்கலைக்கு அன்று இல்லாத சில மதிப்புகளும் இன்று உண்டு. அன்று ஒரு படம் எத்தனை படி அடிக்கப்பட்டது என்று தாளில் குறிப்பு இருக்காது, விற்கும்வரை அடிப்பார்கள். இன்று அச்சுக் கலைஞர் பத்தோ இருபதோ படிகள் எடுத்து, ஒவ்வொன்றின் அடியிலும் எத்தனையாவது படி என்று பென்சிலால் எழுதிக் கையொப்பமிடுகிறார். கல்லில் புள்ளி வைத்தவன் பெயரற்றுப் போன காலம் முடிந்தது. அப்படிப் பெயரோடு உலகம் சுற்றிய ஒருவர் எங்கள் ஊர்க்காரர். ஆர். எம். பழனியப்பன் 1957இல் தேவகோட்டையில் பிறந்தார். சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியில் படித்தார். 1991இல் அமெரிக்காவின் டாமரிண்ட் கல்லச்சுக் கூடத்தில் உயர்பயிற்சி பெற்றார். சென்னை லலித் கலா அகாதெமியின் மண்டலச் செயலராகவும் இருந்தார். அவருடைய அச்சுகளில் பெண்ணுடம்பு இல்லை. பறத்தல் இருக்கிறது, வான்வெளி இருக்கிறது, போகும் பாதையைக் குறிக்கும் கோடு இருக்கிறது. ரவிவர்மாக் கல்லச்சுகள் தொங்கிய ஊரில் பிறந்த ஒருவர், அதே கல்லை எடுத்து உடம்பே இல்லாத வெளியை அச்சிட்டார் என்பதை நான் பெருமையோடுதான் சொல்கிறேன்.

உடம்பை விடாமல் பிடித்துக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். ஹைதராபாத்தின் லக்ஷ்மா கௌட் 1970களின் அமில அச்சுகளில் கிராமத்து ஆணையும் பெண்ணையும் ஆட்டோடும் செடிகொடியோடும் பின்னி, கூச்சமின்றி வரைந்தார். டெல்லியின் அனுபம் சூத், 1944இல் பிறந்தவர், துத்தநாகத் தகட்டில் ஆடையற்ற பெண்களை அச்சிடுகிறார். அவர்கள் யாரையும் மயக்குவதற்காக நிற்கவில்லை. யோசித்துக்கொண்டு, களைத்து, தம் கனத்தோடு உட்கார்ந்திருக்கிறார்கள். ட்யூரரிலிருந்து லோனாவ்லாவரை ஏறத்தாழ 400 ஆண்டுகள், தகட்டிலும் கல்லிலும் பெண்ணுடம்பை வரைந்த கைகள் ஒருசில தவிர ஆண்களுடையவை. இப்போது ஊசி பெண் கையில் இருக்கிறது. அன்றைக்கும் இன்றைக்கும் நடுவே நடந்த மாற்றங்களில் எதை முதலில் வைப்பாய் என்று கேட்டால் இதைத்தான் வைப்பேன். அப்பத்தா கையிலும் ஊசி இருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்வேன்.

ரவிவர்மாவின் ஓவியங்களை நாட்டின் கலைச்செல்வம் என்று 1979இல் அரசு அறிவித்தது. மூல ஓவியம் நாட்டை விட்டு வெளியே போக முடியாது. முன்பே வெளியே போயிருந்த ஒரு திலோத்தமை, எண்ணெய் வண்ண மூலம், 2018இல் நியூயார்க் ஏலத்தில் ஐந்து கோடி ரூபாய்க்கு மேல் விலைபோயிற்று. செய்தித்தாளில் அந்தப் படத்தைப் பார்த்த அன்று, அச்சுப்படி ஒன்றாவது மறுபடி கண்ணில் படாதா என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் வீட்டுப் படங்கள் பாகம் பிரித்தபோது ஆளுக்கு இரண்டு மூன்றாகப் போயிருந்தன. திலோத்தமை எந்தப் பங்காளியிடம் போனாள் என்பதுகூட எனக்கு நினைவில்லை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு பழம்பொருள் கடையில் அவளைப் பார்த்தேன். எனாமல் வாளிகளுக்கும் மரப் பொம்மைகளுக்கும் நடுவே சுவரில் சாய்ந்திருந்தாள். ரவிக்கை இல்லை. வேறு படி என்றுதான் நினைத்தேன். கடைக்காரர் திருப்பிக் காட்டியபோது, பின்பலகையில் எங்கள் வீட்டு விலாச எழுத்துகள் இருந்தன. எங்கள் பாத்திரங்களில் வெட்டியிருக்கும் அதே நான்கு எழுத்துகள்.

“துணி ஒட்டியிருந்ததே?” என்றேன்.

“எடுத்துட்டோம் அண்ணே. வாங்குறவக படம் வந்தபடியே இருக்கணும்கிறாக. சில பேரு துணி வச்சதுதான் வேணும்பாக, அவுகளுக்குத் தனியா வச்சிருக்கோம்” என்றார். அவர் வேலையைப் பக்குவமாகத்தான் செய்திருந்தார். ஈரப்பஞ்சு வைத்துப் பசையை ஊறவைத்து, தாள் கிழியாமல் உரித்திருக்கிறார். அவர் எடுத்ததால்தான் லோனாவ்லாக்காரன் வைத்த புள்ளிகளை என் வாழ்நாளில் முதல்முறையாக அங்கே பார்த்தேன்.

கிட்டப் போய்ப் பார்த்தேன். நூறாண்டு வெளிச்சமும் விளக்குப் புகையும் பட்ட முகமும் கைகளும் தேன்நிறமாக மங்கியிருந்தன. துணி மூடியிருந்த இடம் மட்டும் மங்கவில்லை. அச்சகத்தை விட்டு வந்த அன்று இருந்த இளஞ்சிவப்பும் வெளிர்மஞ்சளும் அங்கே அப்படியே இருந்தன. கையோரம், கழுத்து வளைவு, பக்கவாட்டுத் தையல்வரை, அப்பத்தா வெட்டிய ரவிக்கையின் உருவம் பிசகாமல், புதுத் தோலின் நிறத்தில், திலோத்தமையின் உடம்பில் இருந்தது.

விலை என் சக்திக்கு மேல். கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். அவர் கண்ணாடியைத் துடைத்து, வெளிச்சத்துக்குத் திருப்பி வைத்தார். வீட்டுக்கு வந்து பத்தியில் உட்கார்ந்து அதை விரல்களால் பெரிதாக்கினேன். இடது தோளில், பசைக் கறைக்குள், கடையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பச்சை இழை ஒட்டிக்கொண்டிருந்தது.